கரையில் நிற்கும் கப்பல்

வெள்ளிக்கிழமை

ஹாலில் இருந்த என் போர்க்கப்பலை அண்ணன் பிடுங்கிக்கொண்டு போய்த் தன் பனியன் கம்பெனி வரவேற்பறையில் வைத்துவிட்டார். நாளை ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் வருகிறாராம்.

கப்பல் கடையில் வாங்கிய மாடல்தான். அது நின்ற துறைமுகம் முழுக்க என் கைவேலை. கார்ட்டன் அட்டையை வெட்டிக் கரைச்சுவர் கட்டினேன். ஓவர்லாக் தையல் நூலை முறுக்கிக் கப்பலைக் கட்டும் வடம் செய்தேன். கடலுக்கு, ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் ரெசின் ஊற்றினேன். கப்பலின் அடி அதில் இறுகியிருந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

"துறைமுகத்தோட சேத்து எடுத்துட்டுப் போயிருக்கலாமுங்ணா" என்றேன்.

"கரையில கட்டிப்போட்ட கப்பலப் பாத்தா பையர் என்னடா நெனைப்பாரு? நம்ம ஷிப்மென்ட் லேட்டுன்னுதான் நெனைப்பாரு. தனியா வெச்சா ஓடுற மாதிரி இருக்குது."

"அது போர்க்கப்பலுங்ணா. அதுல பனியன் ஏத்த மாட்டாங்க."

"கப்பல் கப்பல்தான். ஆர்டர் வரட்டும், இதவிடப் பெருசா வாங்கித் தர்றேன்."

துறைமுகம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை. வடங்கள் அறுந்து கிடக்கின்றன. கரையை ஒட்டி, கடலில் கப்பல் அளவுக்கு ஒரு பள்ளம்.

சாப்பிட்டு வந்து பார்த்தால், அண்ணி அதில் டிவி ரிமோட்டை வைத்திருக்கிறார். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்திருக்கிறது.