உன் அப்பா பிடித்திருந்த ரிமோட்

என் அன்பான பெரியவளுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். நம் வீட்டுப் போன் லட்சணம் உனக்குத் தெரியாததா, நீ கூப்பிட்டதும் உன் அப்பா ஸ்பீக்கரைப் போடுவார், உன் தங்கை வாலு அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவாள், நான் அடுப்படியிலிருந்து கத்தித்தான் உன்னோடு பேச வேண்டும். அப்படிக் கத்திச் சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதனால்தான் கிளினிக்கில் டாக்டர் உள்ளே யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, ரிசப்ஷன் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே காத்திருக்கிறவர்கள் எல்லாரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அதுதான் காரணம்.

முதலில் மற்ற சமாசாரம். குளியலறைக் குழாய் சொட்டுவது ஒருவழியாக நின்றது, பிளம்பர் போன கையோடு சமையலறைக் குழாய் ஆரம்பித்துவிட்டது. மாடி வீட்டுத் தையற்காரம்மா உன் அளவு ரவிக்கையைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னாள், நீ இளைத்துவிட்டாயா என்று வேறு கேட்டாள், எனக்கென்ன தெரியும், போனில் முகம் மட்டும்தானே தெரிகிறது. உன் மேஜையை வாலு கைப்பற்றிவிட்டாள், உன் புத்தக அலமாரியை மட்டும் நான் காவல் காத்துக்கொண்டிருக்கிறேன். என் முழங்கால் படியேறும்போது மட்டும் முணுமுணுக்கிறது, இறங்கும்போது சமத்தாக இருக்கிறது. அப்பாவின் டிரைவிங் ஸ்கூலில் நல்ல கூட்டம், காலையில் போகிறவர் கடைசி வகுப்பு முடித்து வருவதற்குள் குரல் கம்மிப்போகிறது. பாவம், ஒரே நாளில் அத்தனை பேரிடமும் கிளட்ச்சை மெதுவா விடுங்க, மெதுவா விடுங்க என்று சொல்லியாக வேண்டுமே.

சரி, விமானத்துக்கு வருகிறேன். நீ வாலுவுக்கு அனுப்பிய ரிமோட் விமானம் விழுந்து நொறுங்கியதும், வாலு போனில் “நான்தான்க்கா விழ வச்சேன்” என்று சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். நீ “அவசரக்குடுக்கை, நான் வர்ற வரைக்கும் பொறுக்க முடியலையா, இனிமே உனக்கு ஒண்ணும் வாங்கித் தர மாட்டேன் போ” என்றாய். முக்கால்வாசி விளையாட்டாகத்தான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். பார்த்துப் பார்த்து வாங்கியது போச்சே என்ற ஆற்றாமை உனக்கும் இருக்காதா. ஆனால் அவள் சொன்னது நிஜமில்லை கண்ணு. அதை விழவைத்தது அவள் இல்லை, உன் அப்பா. வேண்டுமென்று செய்வாரா, பாவம். அன்றைக்கு அது அவருக்கே தெரியாது.

நீ அனுப்பியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. புதிதாகப் பழகும் குழந்தைக்கு இறக்கை உடம்புக்கு மேலே இருக்கிற விமானம்தான் நல்லது, அதுதான் ஆடாமல் போகும், உடம்பு தெர்மாகோல் மாதிரி லேசாக இருக்க வேண்டும், வேகம் கூடாது என்று நீ காலேஜ் கிளப்பில் பறக்கவிட்டுப் படித்த பாடத்தையெல்லாம் யோசித்துத்தான் வாங்கியிருந்தாய். அதற்கும் மேலே இரண்டு ரிமோட் வைத்தது, ஒன்று அவளுக்கு, ஒன்று உனக்கு. நடுவில் ஒரு வயர். பெரியவர் ரிமோட்டில் இருக்கிற பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் வரை விமானம் குழந்தை பேச்சைக் கேட்கும், ஆபத்து என்றால் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டால் போதும், விமானம் பெரியவர் கைக்கு வந்துவிடும். லீவில் வந்து நீயும் அவளும் சேர்ந்து பறக்கவிட வேண்டும் என்று எவ்வளவு ஆசையாகச் சொன்னாய். உன் லீவு ஒரு தடவை தள்ளிப்போனது, பொறுத்துக்கொண்டாள். இரண்டாவது தடவையும் தள்ளிப்போனதும் அவள் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை, பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிவைப்பாள், அவ்வளவுதான். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான்தான் உன் அப்பாவை உசுப்பிவிட்டேன், பெரியவள் எப்போது வருவாளோ, நீங்களே கூட்டிக்கொண்டு போங்களேன் என்று. என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்த முதல் நாள் உன்னுடையது, அதை நாங்கள் எடுத்துக்கொண்டுவிட்டோம். விமானம் உடைந்ததைவிட எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

அவரும் லேசில் இறங்கவில்லை. ஒரு வாரம் தினமும் காலையில் டிரைவிங் வகுப்புக்கு முன்னால், விமானம் விற்கிற கடைக்காரரைக் கெஞ்சி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், தனியாக ஏற்றவும் இறக்கவும் பழகிக்கொண்டார். கடைக்காரர் பட்டன் விஷயத்தைச் சொல்ல வந்தபோது, “டூயல் கன்ட்ரோல் எனக்கே சொல்லித் தர்றீங்களா, என் பொழப்பே அதுதானே” என்று சிரித்தாராம். உனக்குத்தான் தெரியுமே, அவர் காரில் கற்றுக்கொள்கிறவர் பக்கம் ஒரு பிரேக், இவர் காலடியில் ஒரு பிரேக். ஊரையே அந்தக் காலால்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். பஸ்ஸில் போகும்போதுகூட டிரைவர் கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் இவர் கால் தரையை அழுத்தும், டிவியில் கார் துரத்தினால் சோபா நகரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காற்றே இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் நான்கைந்து பேர் நடந்துகொண்டிருந்தார்கள், அதில் உன் அப்பாவிடம் வண்டி பழகும் பேங்க்காரர் ஒருவர், சார் என்னமோ செய்கிறாரே என்று வந்து நின்றுவிட்டார். இவருக்குக் கேட்க வேண்டுமா, நெஞ்சு ஒரு சுற்றுப் பெரிதாகிவிட்டது. தானே மேலே ஏற்றிவிட்டு, பட்டனை அழுத்தி, “இப்ப உன் கையில இருக்கு” என்றார். வாலு எவ்வளவு அழகாக ஓட்டினாள் தெரியுமா. நாக்கைத் துருத்திக்கொண்டு, கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எடுக்காமல் ஒரு வட்டம் முழுக்கப் போட்டாள். எங்களை விட்டு விலகிப் போகிற வரைக்கும் சுலபம்தான். திரும்பி எங்களைப் பார்த்து வந்தபோதுதான் இடது வலதெல்லாம் மாறிப்போயிற்று. நீ போனில் ஆயிரம் தடவை சொல்லிக்கொடுத்ததுதான், அந்த நேரத்தில் குழந்தைக்கு எங்கே ஞாபகம் வரும். அது சாய்ந்துகொண்டே இறங்கியது. நான் உன் அப்பாவைப் பார்த்தேன், கால் புல்லை அழுத்தியது, ரிமோட்டை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், பிடித்துத்தான் ஆகிவிட்டதே, இனிக் கவலையில்லை என்று நான் முட்டாள்தனமாக நிம்மதியாக இருந்தேன். அது தண்ணீர்த் தொட்டித் தூணில் மோதி இறக்கை ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கமாகப் போய்விட்டது.

ரிமோட் வேலை செய்யவில்லை என்று அவர் பேங்க்காரரிடம் சொன்னார், கடைக்காரரிடம் சொன்னார், என்னிடம் இரண்டு நாள் சொன்னார். பொய் இல்லை, அப்படித்தான் நம்பினார். வாலு துண்டுகளையெல்லாம் பொறுக்கித் தன் ஸ்கூல் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். அதற்கப்புறம் விமானம் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். அக்கா ஆசையாக அனுப்பியதை உடைத்துவிட்டோமே என்று குழந்தை மறுகுகிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். போனில் உன்னிடம் அப்படிச் சொன்னதும் எங்களுக்கு அது உறுதியாகிவிட்டது.

போன வாரம் உன் அப்பாவிடம் கார் பழக நர்ஸ் ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். சந்தை முக்கில் அவள் நேராகக் காய்கறித் தள்ளுவண்டியைப் பார்த்துக் காரை விட்டிருக்கிறாள். இவர் வழக்கம்போல பிரேக்கை மிதித்தார், வண்டி நின்றது, தக்காளி பிழைத்தது. அந்தப் பெண் பயந்து ஸாரி சார் ஸாரி சார் என்கிறாளாம், இவருக்கு அது காதிலேயே விழவில்லை, கதவுக் கைப்பிடியில் இருந்த தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கால் மிதித்தபோது விரலும் சேர்ந்து அழுத்தியிருக்கிறது, நகம் வெளுத்துப்போகிற மாதிரி. அடுத்த வகுப்பை ரத்து செய்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தார். எனக்கு அன்று வார லீவு. சாப்பாட்டைத் தொடவில்லை. பெட்டியிலிருந்து ரிமோட்டை எடுத்து என் முன்னால் வைத்து, “விட்டிருக்கணும். நான் அழுத்திட்டேன். ரிமோட் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு, நான் அழுத்தின வரைக்கும் விமானம் அவ கையிலேயேதான் இருந்திருக்கு. குழந்தை நான் எடுத்துக்குவேன்னு காத்துட்டு நின்னிருக்கா” என்றார். இத்தனை வருஷத்தில் அவர் முகம் அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை. கார் கற்றுக்கொடுத்த பழக்கம்தானே, யாராக இருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் ஏறவில்லை.

சாயங்காலம் அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். தப்பு என்னுடையதுடா, உன்னுடையது இல்லை என்றார். அவள் பென்சிலைக் கீழே வைக்காமலே, “எனக்குத் தெரியும்பா. உங்க விரலைத்தான் பாத்துட்டு இருந்தேன்” என்றாள். அவளுக்குத் தெரியாதா, பெட்டியில் இருந்த குறிப்புத் தாளை, நீ வருவதற்குள் தெரிந்திருக்க வேண்டும் என்று மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறாளே. ஏன்டி சொல்லவில்லை என்று நான்தான் குறுக்கே விழுந்து கேட்டேன். “அந்த மாமா நின்னாரு இல்ல, அப்பாகிட்ட கார் கத்துக்கிறவரு” என்றாள். அப்புறம் தலையை நிமிர்த்தாமல், “இனிமே அப்பாகூட வேணாம்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியல, அதான் விமானமே வேணாம்னு இருந்துட்டேன்” என்றாள். உன் அப்பா சரிடா சரிடா என்று அவள் தலையைத் தடவிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போகவில்லை. 

அடுத்த நாள் அவரே அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார், நானும் போனேன். கடைக்காரர் சிவப்பு நிறத்தில் ஒரு ஜெட்டைத் தலையில் கட்டப் பார்த்தார், பார்க்க ராஜா மாதிரிதான் இருந்தது, வாலு அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, இது வேகம், இதுக்கு இறக்கை கீழ இருக்கு என்று ஒதுக்கிவிட்டு, கடைசியில் சின்னதாக வெள்ளையில் ஒன்றை எடுத்தாள். விசிறி பின்னால் இருக்கிறது, மூக்கில் விழுந்தாலும் உடையாது, கையை எடுத்தால் தானே நேராகிக்கொள்ளுமாம், உடைந்தால் இறக்கை மட்டும் தனியாகக் கிடைக்குமாம். நீ போனில் சொன்னதையெல்லாம் அவள் வாயிலிருந்து கேட்டேன், உன் குரலே மாதிரி இருந்தது. அப்பா பழக்கதோஷத்தில் “ரெண்டு ரிமோட் வச்சது வருதா” என்று கேட்டுவிட்டு, உடனே, “வேணாம் வேணாம், ஒண்ணு போதும்” என்றார். வாங்கிவிடலாமா என்றால், அக்காவைக் கேட்கணும் என்கிறாள். கேளேன்டி என்றால், “அக்காதான் இனிமே வாங்கித் தர மாட்டேன்னு சொல்லிட்டாளே” என்கிறாள். அந்த வெள்ளை விமானம் அந்தக் கடை அலமாரியிலேயே இருக்கிறது.

நீ இன்னும் பெரிதாக ஒன்று அனுப்பலாமா என்று போன வாரம் கேட்டாய், வேண்டாம் தாயே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, கடையில் எந்த விமானத்தைப் பார்த்து வைத்திருக்கிறாய் என்று அவளிடம் நீயே கேள். அதையே வாங்கு என்று ஒரு வார்த்தை சொல், அது போதும். நான்தான் விழவைத்தேன் என்று மறுபடியும் உன்னிடம் சொல்வாள், அப்பாவைக் காட்டிக்கொடுக்க மாட்டாள். சரி என்று கேட்டுக்கொள், எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே, திட்டவும் செய்யாதே. வெயிலில் அலையாதே, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் கிடைக்கும்போது வா, உன்னைக் குறை சொல்ல இங்கே யாருமில்லை. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கை தொட்டதெல்லாம் துலங்க வேண்டும் என்று தினமும் உன்னை நினைத்துக்கொண்டுதான் விளக்கை அணைக்கிறேன்.

இன்னொன்று, மறந்துவிடாதே. உன்னிடம் தானே சொல்லிவிடுவதாக உன் அப்பா என்னிடம் சொல்லியிருக்கிறார். இந்த வாரம் மூன்று முறை உன்னைக் கூப்பிட்டது அதற்குத்தான். மூன்று முறையும் சாப்பிட்டியாம்மா என்று கேட்டுவிட்டு போனை என்னிடம் தந்துவிட்டார். நீயும் சாப்பிட்டேன்பா என்று சொல்லிவிட்டு, அம்மாகிட்ட குடுங்க என்றுதானே சொல்கிறாய். அடுத்த முறை அப்படிச் சொல்லாதே கண்ணு. சாப்பிட்டேன்பா என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இரு.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா