பட்டியலில் உன் பெயர்

ரங்கூன்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் பழனியப்பனுக்கு, அம்மா காளியம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை பவானி எழுதுவது. எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. பாங்காக்கில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்கக் காளி துணையிருப்பாள். போனில் எழுதினால் பார்க்கிறார்கள், பர்மிய மொழியில் எழுதினால் வழியில் யாராவது படிப்பார்கள், அதனால் தமிழில் எழுதி, சரக்கெடுக்க அங்கே வரும் காஜா மைதீன் அண்ணனிடம் கொடுத்து விடுகிறோம். முதலில் அம்மா சொல்வது, அப்பா திவசத்துக்கு நீ வராதே.

இடைத்தேர்தலில் நம் சத்யபாமா டீச்சர் ஜெயித்துவிட்டார். மெம்பராக இருந்தவர் குண்டுவெடிப்பில் செத்த இடம், ஆண்கள் நிற்கப் பயந்தார்கள், டீச்சர்தான் நின்றார். சண்டைக் காலத்தில் ஓட்டு எதற்கு என்று பாதித் தெரு கதவைச் சாத்தியது. "ஓட்டு வேணாம், ஒரு வாய் தண்ணி குடுங்க" என்று டீச்சர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். பள்ளி விட்டதும் பவானி நானும் கூடவே போவேன். முப்பத்தெட்டு ஓட்டில் ஜெயித்தார்.

வார்டு ஆபீஸ் சுவரில் வாக்காளர் பட்டியல் ஒட்டியபோது தமிழ் வீடுகளை நான்தான் பென்சிலோடு நின்று சரிபார்த்தேன். நம் வீட்டில் உன் பெயர் இல்லை. நம்ம ஆட்களுக்குக் காகிதத்தில் பெயர் விட்டுப்போனால் நாளைக்கு வெளியாள் என்பார்கள் என்று நீ சொல்லிக்கொண்டே இருப்பாயே, அதை நினைத்து அன்றே மனு எழுதி, குடும்பப் பட்டியல் நகலையும் வைத்துக் கொடுத்துவிட்டேன். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சட்டம் வந்ததும் அம்மா கிளார்க்கிடம் கெஞ்சி உன் பெயரை ஏற்றாமல் விடவைத்தது எனக்குத் தெரியாது. நான் பயந்துவிடுவேன் என்று என்னிடம் மறைத்திருக்கிறாள்.

வியாழக்கிழமை பட்டாளத்துக்கு ஆள் எடுப்பவர்கள் இரண்டு பேர் என் மனுவோடு வந்தார்கள். பதினெட்டாம் தேதிக்குள் நீ ஆஜராக வேண்டுமாம். எங்கே இருக்கிறான் என்று தெரியாது என்றாள் அம்மா. காணாமல் போனவனுக்கு ஓட்டு மட்டும் கேட்டீர்களா என்று ஒருவர் சிரித்தார். டீச்சரிடம் ஓடினோம். அவர் வாசலில் இப்போது காவல். அம்மா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "அக்கா, இப்பத்தான் உள்ள நுழைஞ்சிருக்கேன். இந்த ஒரு பேருக்குக் கேட்டேன்னா நாளைக்கு யாருக்கும் கேக்க முடியாது" என்றார். அம்மா எழுந்து வந்துவிட்டாள். டீச்சர் இன்னும் பெரிய இடத்துக்குப் போவார் என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள்.

அண்ணா, கிளார்க் தவறாக ஏற்றிவிட்டார் என்று எழுதச் சொல்கிறாள் அம்மா. நான் அப்படி எழுதவில்லை. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதல்லவா, என்ன இவ்வளவு நேரம் எழுதுகிறாய் என்று கேட்கிறாள், திவசச் சமையலைப் பற்றி என்றேன்.

இனி அம்மா சொல்வது. மழையில் நனையாதே. பாஸ்போர்ட் இல்லாமல் வெளியே நடக்காதே. திவசத்துக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்ததும் போனில் 'செருப்பு சரியாயிருக்கிறது' என்று மட்டும் சொல், அதுவரை நான் சோற்றில் கை வைக்கமாட்டேன். எந்த ஊரிலிருந்தாலும் நூறு வயசு இரு ராசா. எங்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று யார் வந்து சொன்னாலும் வராதே.

உன் அம்மா
காளியம்மா

எழுதியவள் பவானி, பத்தாம் வகுப்பு. அந்த மனுவை எழுதியவளும்.