அப்பாவின் வயிற்றுக்கு முருகன் பொறுப்பல்ல

சுங்கை சிப்புட்
20.3.1985

அன்பு மகள் நவமணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், கடை நலம், அப்பாவும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இப்போது நலம். அந்தக் குளிரில் நீயும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. பரீட்சையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து முருகனிடம் மன்னிப்புக் கேட்கப் போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு நீ கடல் தாண்டிக் கார்டிஃபில் இருப்பதுதான் உனக்கு நல்லது. விமான டிக்கெட் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. நீ வக்கீல் படிப்பில் தேற வேண்டும் என்றுதான் அப்பா தைப்பூசத்துக்கு ஈப்போவில் காவடி எடுத்தார். அவருடைய விரத நாளில் நீ சிநேகிதியின் பிறந்தநாளுக்கு முட்டை போட்ட கேக் தின்றாயாம், அதை வெள்ளந்தியாக அப்பாவின் தங்கச்சிக்கே எழுதினாயாம். அதனால் முருகன் கோபப்பட்டு அப்பாவின் வயிற்றைப் பிடுங்கினார் என்று செல்லாயி அத்தை உனக்கு எழுதிவிட்டாள். இத்தனை வேலை இருக்கிற சாமி கார்டிஃப் வரை போய் நீ தின்ற கேக்கைப் பார்த்துவிட்டு, சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பி வந்து உன் அப்பாவைக் கக்கூசில் உட்கார வைப்பாரா?

குற்றம் செய்தது நான். தைப்பூசத்துக்கு நம் கடையில் பால்குடமும் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் விற்பதோடு இந்த வருடம் கேப்சூலும் விற்றேன். தைப்பிங்கிலிருந்து மருந்து கொண்டுவரும் ஆள் ஒரு டப்பா கொடுத்து, அலகு குத்திய இடம் சீழ் பிடிக்காது, முன்னால் மூன்று நாள், பின்னால் ஐந்து நாள் விழுங்கினால் போதும் என்றான். தோட்டத்து ஆட்கள் வெட்டுக்காயத்தில் இதைப் பிரித்துத் தூவுவதைப் பார்த்தவள்தானே நான், நம்பினேன். திருநீற்றுப் பொட்டலத்தோடு சேர்த்துக் கட்டி வைத்தேன், பதினொரு பேர் வாங்கினார்கள். அப்பாவுக்கு இலவசம். புண் நன்றாகத்தான் ஆறியது, ஆனால் இலவசம் என்பதால் மனிதர் நிறுத்தவில்லை, இருபது நாள் விழுங்கினார். பிறகு ஆரம்பித்தது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை, வெறும் தண்ணீர், நாற்றம் மூலையிலிருக்கும் சைக்கிள் கடை வரைக்கும் போனது. கிருமியைக் கொல்லும் மருந்துதானே என்று அதற்கும் அதே கேப்சூலைக் கொடுத்தேன். கொடுக்கக் கொடுக்கக் கூடியது. அத்தை வந்து, "இது சாமி குத்தம்லா அண்ணி, வேப்பிலை அடிச்சா நின்னுடும்" என்றாள். கக்கூசுக்குள்ளிருந்து அப்பா, "அடிக்கிறதுன்னா இப்பவே உள்ள வந்து அடி, நான் வெளிய வர்றதா இல்ல" என்றார். ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்து, வயிறு உப்பி, பேச்சும் நின்றுவிட்டது. உன் அப்பா பேசவில்லை என்றால் எனக்குப் பயம் வரும். காய்கறி லாரியில் படுக்க வைத்து ஈப்போவுக்குக் கொண்டு போனேன்.

அங்கே டாக்டர் அருளம்பலம், யாழ்ப்பாணத்துக்காரர், முதலில் கேட்டதே என்ன மருந்து சாப்பிட்டார் என்றுதான். டப்பாவை நீட்டினேன். "நீங்கள் எந்தக் காலேஜில டாக்குத்தருக்குப் படிச்சனீங்கள், அம்மா?" என்றார். பிறகு அவரே விளக்கினார். குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றனவாம், நல்லவைதான் அதிகம், அவை இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் கெட்டவை தலைகாட்ட முடியாதாம். இந்த மருந்து ஆள் பார்க்காமல் அடித்துவிடும். ஒரு முரட்டுக் கிருமி மட்டும் ஓட்டுக்குள் பதுங்கித் தப்பித்து, காலி இடத்தில் பெருகி விஷம் கக்குமாம். எனக்கு உடனே புரிந்தது. பசாரில் நல்ல வியாபாரிகளை எல்லாம் கிளப்பிவிட்டால் ஒரே ரவுடி வந்து அத்தனை மேசையையும் பிடித்துக்கொள்வான். கேப்சூலை நிறுத்தி, தண்ணீர் ஏற்றி, அந்த ரவுடிக்கென்றே வேறு மருந்து கொடுத்தார்கள். மூன்று நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அந்த மூன்று நாளும் நான் கடை திறக்கவில்லை, அதிலிருந்தே நீ தெரிந்துகொள். அப்பா கண் திறந்து பேசியதும் நேராகப் போய், மருந்து வாங்கிய பதினொரு வீட்டுக் கதவையும் தட்டி, மிச்சத்தைத் திரும்ப வாங்கினேன். பத்துப் பேருக்கு ஒன்றுமில்லை. பீடோர் ஊர்ப் பிச்சைமுத்துவுக்கு மட்டும் வயிறு இளகியிருந்தது, என்னோடு கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன், இப்போது தேவலை. அத்தையிடமும் தப்பு என்னுடையது என்று சொன்னேன். "ஒங்க கையால அத விக்க வச்சதே அந்தக் கேக்குத்தான் அண்ணி" என்றாள். அவளோடு வாதாடி ஜெயிக்கிற அன்றைக்கு நீ பரீட்சை எழுதாமலே வக்கீல்தான்.

அதுவரைக்கும் பரீட்சை எழுதத்தான் வேண்டும். உனக்குச் சளி பிடித்தால் சிநேகிதிகளின் மிச்ச மருந்தை வாங்கி விழுங்காதே. டாக்டர் பார்த்துக் கொடுத்தால் அவர் சொன்ன கணக்குக்குச் சாப்பிடு, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். கக்கூசுக்குப் போய்வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவு, அந்தக் கிருமிக்கு அதுதான் பயமாம். நல்ல பசியும் நல்ல தூக்கமும், கேட்ட கேள்விக்கு விடையும் உனக்கு வாய்க்கட்டும். கீழே அப்பாவும் ஒரு வரி எழுதுகிறார்.

உன் அம்மா,
வீரம்மா

நவமணி, இன்றைக்கு ஒரே ஒரு தடவைதான் போனேன், அதுவும் கெட்டியாக. நீ படி. – அப்பா