கோடையில் வேறு வேலை உண்டா?

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? இங்கே பெர்கன் நகரில் நான் சுகம்; மழைதான் விடவில்லை.

வழிகாட்டி ஒருவரோடு கோடை முழுக்கத் திறந்த மூல மென்பொருள் எழுதும் மாணவர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கிறேன். அவர்கள் கேட்டபடி மென்பொருளில் ஒரு பிழையைத் திருத்திக் காட்டினேன். கல்லூரிச் சான்றும் இணைத்தேன். "கோடையில் வேறு வேலை உண்டா?" என்றும் கேட்டிருந்தார்கள். உள்ளதை எழுதினேன்: ஊருக்கு வந்து நம் படகுக்குத் தார் பூசுவது, விறகு பிளப்பது, காட்டுப்பழம் பறிப்பது, நடுக்கோடைத் திருநாளன்று நம் சவுனா அறையில் நீராவிக் குளியல்.

படித்துவிட்டு வழிகாட்டி டோர்டிஸ் தொலைபேசியில் சிரித்தார். "ஏம்ப்பா, நீ விண்ணப்பம் போடுறியா, ஊருக்கு மூட்டை கட்டுறியா?"

மற்றதையெல்லாம் அழித்துவிட்டேன். திருநாளை அழிக்க மட்டும் மனம் வரவில்லை.

வகுப்புக்கு நேரமாகிறது. அன்று சவுனாவில் என் துண்டையும் மாட்டி வையுங்கள்.

ஆப்பெலி