கிரேக்கச் சிலையின் பாதம்

செப்டம்பர் 12, வெள்ளி. கடலூர்.

சிதம்பரத்திலிருந்து மகள் வந்தாள். வந்ததும் வராததுமாக, "தனியா இருந்தது போதும்மா, எங்கூடவே வந்துடு" என்றாள். மகனோடு சுற்றுலா போனபோது ஏதென்ஸில் நடந்ததை அவன் இவளிடம் சொல்லிவிட்டிருக்கிறான்.

அங்கே அருங்காட்சியகத்தில் ஆளுயர அப்போலோ சிலை ஒன்று. கான்வென்ட்டில் கிரேக்க வரலாறு படித்தவள் நான். அது யார் என்று எனக்குத் தெரியும். இருந்தும், நம் கோயிலில் அந்தோனியாருக்குச் செய்வதுபோல் அதன் பாதத்தைத் தொட்டு, விரலை முத்தமிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டேன். காவலுக்கு நின்ற பெண் சத்தம் போட்டாள். கூட்டமே திரும்பிப் பார்த்தது. "அம்மா, அது துணியில்லாத சாமிம்மா!" என்று மகன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"சின்ன வயசுப் பழக்கம்டி, கை தானா போயிடுச்சி. அதுக்காக வூட்டப் பூட்டிட்டு ஒன் பின்னால வரணுமா?" என்று மகளிடம் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "அண்ணன் ரொம்ப பயந்துட்டாம்மா" என்றாள்.

பழக்கம் என்றால் கையோடு நின்றிருக்க வேண்டும். என் வீட்டுக்காரருடைய ஆபரேஷன் நல்லபடியாக முடியவேண்டும் என்று அந்தச் சிலையிடம் வேண்டிக்கொண்டேன். அவர் இறந்து வருடங்கள் ஆகின்றன. மனதுக்குள்தான் வேண்டினேனா, வாய்விட்டுச் சொன்னேனா? மகன் எதைக் கேட்டுப் பயந்தான்?