சாய்த்து வைத்த ஏணி

மார்ச் 3

என் ராசாவுக்கு அம்மா எழுதுவது.

முதலில் நல்ல சேதிகள். உன் அக்கா மகன், நம்ம நெட்டை, வாலிபால் அணிக்குத் தேர்வாகிவிட்டான். கதவு நிலையில் உன் அப்பா உயரத்துக்குப் போட்ட கோட்டை நாலு விரல் தாண்டி நிற்கிறான். அவன் தங்கை வயலின் பரீட்சையில் முதல். "இவ்வளவு நீள விரலா!" என்று டீச்சரே பிடித்துப் பார்த்தாராம். எல்லாம் உன் அப்பா கொடுத்தது. என் பக்கத்திலிருந்து வாய் மட்டும்தான் போயிருக்கிறது.

உன் நெஞ்சைத் திறந்து தைத்து ரெண்டு வருஷமாகிறது. முடிந்த கதை. ஆனால் போன போட்டோவில் பெண் பார்க்க வந்தவன் மாதிரி கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருக்கிறாயே, ஏன்? புதுசாக ஒன்று எடுத்து அனுப்பு.

உன் அம்மா

*

மார்ச் 17

அன்புள்ள அம்மாவுக்கு,

முடிந்த கதை இல்லை அம்மா. பொத்தான் பூட்டியது தழும்பை நீ பார்க்கக்கூடாதென்றுதான்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் எனக்கு உள்ளுக்குள் கிழிந்தது. மேலே இருந்த துண்டை வெட்டிவிட்டுத் துணிக்குழாய் வைத்தார்கள். ஆனால் கிழிசல் வயிறுவரை ஓடியிருந்தது. மிச்சம் இருந்த பகுதி இப்போது பழைய சைக்கிள் டியூப் மாதிரி உப்பிக்கொண்டு வருகிறது. ஏப்ரல் பத்தாம் தேதி மறுபடி திறக்கிறார்கள். என்னைப் போல நிறையப் பேர் ரெண்டாம் தடவை வருவார்களாம். பெரும்பாலும் வீடு திரும்புவார்களாம். மிச்சப் பேரைப் பற்றி நான் கேட்கவில்லை.

டாக்டர் இந்தத் தடவையும் கேட்டார், "உங்க அப்பா எப்படி இறந்தார்?" பெயின்டர், ஏணியிலிருந்து விழுந்தார் என்றேன். என் நீள விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "விழுந்ததால இறந்தாரா, இறந்து விழுந்தாரா?" என்றார்.

அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நீதான் பக்கத்தில் இருந்தாய். நெட்டை உடம்பும் நீள விரலும் இதன் அடையாளமாக இருக்கலாமாம். இது குடும்பத்தில் வரும் வியாதியென்றால் அக்கா பிள்ளைகளை உடனே சோதித்துப் பார்க்க வேண்டுமாம். உண்மையைச் சொல்லு அம்மா.

உன் மகன்

*

மார்ச் 28

ராசா,

போனை ரெண்டு தடவை எடுத்தேன். வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் அப்பா அன்றைக்கு ஏணியில் ஏறவே இல்லை. நம்ம வீட்டுச் சுவருக்கு அடிக்கப் பெயின்ட் டப்பாவைத் திறந்தார், பிரஷ்ஷை நனைத்தார். "முதுகுக்குள்ள யாரோ துணி கிழிக்கிற மாதிரி இருக்குடி" என்று உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

ஏணியை இழுத்துச் சுவரில் சாய்த்தது நான். டப்பாவைக் கவிழ்த்ததும் நான். அந்த வாரம்தான் அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நெஞ்சுநோய்க்காரன் வீடு என்று தெரிந்தால் யார் கட்டுவார்கள்? ஐந்தாவது படித்தவள் புத்தி அவ்வளவுதான் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். படித்தவள் செய்கிற காரியமாகத்தான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

உன் டாக்டரிடம் சொல்லிவிடு. அக்காவிடம் இன்றைக்கு நானே சொல்கிறேன்.

அம்மா

*

மே 4

என் ராசாவுக்கு,

பிள்ளைகள் சேதி முதலில். வயலின்காரிக்கு ரத்தக்குழாய் சரியாக இருக்கிறது, வருஷம் ஒருமுறை பார்த்தால் போதும். நெட்டைக்கு வீங்கியிருக்கிறது. கிழியவில்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பந்தைத் தொடக்கூடாது. ஓரமாக உட்கார்ந்து ஸ்கோர் எழுதுகிறான். "அணியிலேயே ரொம்ப உயரமான கணக்குப்பிள்ளை நான்தான் பாட்டி" என்கிறான். கதவு நிலைக் கோட்டருகே மட்டும் நிற்பதில்லை. குனிந்தே போகிறான்.

அக்கா ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. இப்போது "சாப்பிட்டியா" மட்டும்.

ஏணியை விறகுக்கு வெட்டியாயிற்று. அன்றிலிருந்து அது சாய்ந்திருந்த இடத்தில் சுவரில் ரெண்டு தடம் இருக்கிறது. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். அங்கேயேதான் இருக்கிறது.

என் கடிதம் பத்தாம் தேதிக்கு முன்னால் வந்ததா? படித்துவிட்டுத்தான் உள்ளே போனாயா? மருமகளைக் கேட்டால், "அவர் நல்லாத்தான் இருக்கார் அத்தை, தூங்குறார்" என்கிறாள். எப்போது கேட்டாலும் தூங்குகிறாய். அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஏணிக் கதை சொன்னபோது என் குரல் அப்படித்தான் இருந்தது.

அதனால் புதுசாக ஒரு போட்டோ அனுப்பு. நிற்க முடியாவிட்டால் படுத்தபடியே எடுக்கச் சொல். பொத்தான் எதையும் பூட்டாதே. எப்படி இருந்தாலும் நான் பார்ப்பேன்.

உன் அம்மா