அன்வர் நானாவின் வெள்ளிக்கிழமைகள்

சனிக்கிழமை.

அன்வர் நானாவை இண்டைக்கு வேலையால நிப்பாட்டிப்போட்டாங்க. காரணம் நான் செஞ்ச வேலை.

எங்கட தன்னாமுனை தையல் ஃபக்டரியில துணி வெட்டுறவர் அவர். வெள்ளிக்கிழமையில ஜும்ஆத் தொழுகைக்குப் போற நேரத்தை ஈடுகட்ட ஏழு மணிக்கே, வெள்ளெனவே வந்திடுவார். அவர் வாசல் மெஷினில விரல் வச்ச நேரமெல்லாம் எங்கட சேர்வரில கிடக்கு. கொழும்பு ஹெட் ஒபிஸ்ர கிளவுட் எட்டு மணிக்கு முந்தின நேரத்தை எடுக்காது. மண்டையை உடைச்சு ரெண்டையும் ஒரே டாஷ்போர்டில சேர்த்தது, இங்க கம்ப்யூட்டர் பாக்கிற நான்தான். பாராட்டு வேற கிடைச்சது. அதில நானாட வெள்ளென நேரமெல்லாம் விடுபட்டுப் போச்சு. வெள்ளிக்கு வெள்ளி கள்ளமடிச்ச ஆள் மாதிரி அவர்ர பேர் சிவப்பில தெரிஞ்சது.

விளங்கின உடனே மனேஜரிட்ட ஓடினன். "கொழும்பு முடிவெடுத்திட்டுது தம்பி. இனி மாத்தேலாது" எண்டார்.

ஃபக்டரி கேட்டடியில நானா என்னைக் கண்டார். "நான் வெள்ளென வாறது உங்களுக்குத் தெரியும்தானே, தம்பி?"

"ஓம் நானா."

"பிறகென்ன? மனேஜரிட்ட ஒருக்காச் சொல்லிவிடுங்க. திங்கள் வாறன்" எண்டு சிரிச்சுப்போட்டு சைக்கிளை மிதிச்சார்.

நான் சொல்லிப்போட்டன் எண்டதை அவருக்கு எப்பிடிச் சொல்ல?